காதலை நோயென்ற நாடு

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் அண்டை வீட்டு அம்மையார் ஓர் ஆங்கில நாவலைக் கையிலெடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, இது என் மகளின் தலையணைக்கு அடியில் இருந்தது. ஒன்றிரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். காதல், நோய் என்று என்னவோ எழுதியிருக்கிறது. பதினேழு வயதுப் பெண் படிக்கத் தக்கதுதானா என்று நீங்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். நெடுங்காலம் பள்ளியாசிரியனாக இருந்தவனிடம் இத்தகைய வழக்குகள் வருவது இயல்பு. இளைஞர்க்கென்று இக்காலத்தில் அச்சாகிக் குவியும் காதற்கதைகளில் எனக்கு மதிப்பு மிகக் குறைவு. நான்கு பக்கம் பார்த்துவிட்டு, தீமையும் இல்லை, பயனும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணித்தான் வாங்கி வைத்தேன். அன்றிரவு அந்நூலைக் கீழே வைக்க இயலவில்லை. அதன் காரணத்தை நேயர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நூலின் பெயர் 'டெலிரியம்'. காய்ச்சல் முற்றி, அறிவு தடுமாறிப் பிதற்றும் நிலைக்கு ஆங்கில மருத்துவர்கள் வழங்கும் பெயர் அது. நம் நாட்டு வைத்தியர்கள் அதனைச் சன்னி என்பர். எழுதியவர் லாரன் ஆலிவர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 2011 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த அவருடைய முதல் நாவல் மரணத்தைப் பற்றியது. அடுத்து எழுதுவதற்குக் காதலை எடுத்துக்கொண்டார்.

கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில் கடலோரமாக உள்ள போர்ட்லண்டு நகரம். நகரம் உண்மை, காலமும் ஆட்சியும் கற்பனை. அக்கற்பனை நாட்டில், காதல் ஒரு கொடிய நோய் என்று அரசாங்கம் அறிவித்து 64 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்நோய்க்கு அறுவை மருத்துவம் கைவந்து 43 ஆண்டுகள் ஆகின்றன. நோய்க்கு 'அமோர் டெலிரியா நெர்வோசா' என்று இலத்தீன் மொழியில் பெயரும் சூட்டியாகிவிட்டது. பெயர் இலத்தீனில் அமைந்துவிட்டால் பாதி மக்கள் ஐயமின்றி நம்பிவிடுவார்கள் என்பதை ஆசிரியை நன்கு அறிந்திருக்கிறார்.

அந்நாட்டில் பிள்ளைகள் பதினெட்டு வயதை எட்டியதும் மூளையில் ஓர் அறுவை செய்யப்படுகிறது. அதன் அடையாளமாகக் காதுக்குப் பின்னே ஒரு தழும்பு நிற்கும். அதற்குமுன் செய்தால் மூளைக்கு ஊறு நேரலாம் என்பதனால் பதினெட்டு வரை பொறுத்திருக்கிறார்கள். அதுவரை ஆணும் பெண்ணும் பழகக் கூடாது, தனித்தனிப் பள்ளிகள், இரவில் ஊரடங்கு, தெருக்களில் காவற்படை. அறுவைக்கு முன் ஒரு நேர்காணல் உண்டு. அதில் பெறும் மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தக்க மணமக்களின் சிறு பட்டியலை அரசாங்கமே அனுப்பிவைக்கும். அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நகரின் எல்லையில் மின்வேலி. வேலிக்கு அப்பால் காட்டில் அறுவைக்கு உடன்படாத மக்கள் மறைந்து வாழ்கிறார்கள். அத்தகையோர் எவரும் இல்லை என்பது அரசாங்கத்தின் கூற்று. ஊரார் அவர்களை 'இன்வாலிட்' என்கிறார்கள். நோயாளி என்றும், செல்லாதவர் என்றும் இருபொருள் தரும் ஆங்கிலச் சொல் அது.

அந்நாட்டு மக்களுக்கு வேதம் போல ஒரு கையேடு உண்டு. பாதுகாப்பு, உடல்நலம், மகிழ்ச்சி என்னும் பொருளுடைய மூன்று ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கூட்டி அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சேர்த்துச் சொன்னால் விரலை உதட்டில் வைத்து 'உஷ்' என்று அடக்கும் ஒலி பிறக்கிறது. கதையின் ஒவ்வோர் அத்தியாயத்தின் முகப்பிலும் இக்கையேட்டிலிருந்தும் இதுபோன்ற பிற கற்பனை ஏடுகளிலிருந்தும் ஒரு பகுதி தரப்பட்டிருக்கிறது. நோயின் அறிகுறிகள் முறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன: கவனம் சிதறுதல், வாய் உலர்தல், உள்ளங்கை வியர்த்தல், தலைசுற்றல். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' பள்ளிகளில் பாடமாக உண்டு. நோய் முற்றினால் என்ன நேரும் என்பதை எடுத்துக்காட்டும் எச்சரிக்கையாக!

கதைத் தலைவி லீனாவுக்குப் பதினெட்டு நிரம்பப் போகிறது. அறுவைக்கு இன்னும் 95 நாட்கள். அவள் நாள் எண்ணிக் காத்திருக்கிறாள். அஞ்சி அன்று, ஆவலோடு காத்திருக்கிறாள். இங்கேதான் இந்நாவல் தன் இனத்துக் கதைகள் பலவற்றினின்றும் வேறுபடுகிறது. தொடக்கத்திலேயே கொடுங்கோன்மையை எதிர்த்து முழங்கும் வீராங்கனை அல்லள் இவள். நோயிலிருந்து காத்தருள வேண்டும் என்று விரும்பும் நல்ல பிள்ளை. பெரியவர்கள் சொற்படி நடப்பவள். நேர்காணலில் பிடித்த நிறம் எது என்று கேட்கிறார்கள். நீலம் என்றோ பச்சை என்றோ சொல்ல வேண்டும் என்று பயின்று சென்றவள், வாய் தவறி, விடியலுக்குச் சற்றுமுன் வானில் தோன்றும் சாம்பல்நிறம் என்று சொல்லிவிடுகிறாள். ரோமியோ ஜூலியட் கதையை அச்சமூட்டுவது என்று சொல்வதற்கு மாறாக அழகியது என்று சொல்லிவிடுகிறாள். அந்த இரண்டு தவறான விடைகளிலே அவள் பிழைத்துக்கொள்வதற்கான வித்து இருக்கிறது. அவ்விடைகளை மேல்மாடத்தில் மறைந்திருந்து கேட்ட அலெக்ஸ் என்னும் இளைஞன், காதுக்குப் பின்னே பொய்த் தழும்பைத் தாங்கியவன். வேலிக்கு அப்பாலிருந்து வந்தவன். எஞ்சிய கதையை நேயர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

ஒரு வாலிபனும் ஓர் இளமங்கையும் தடையை மீறிச் சந்திப்பது பழங்கதைதான். ஆயினும், காதலை நோய் என்பது ஆலிவரின் புதுக் கற்பனை என்று நினைத்தால் அது தவறு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மேற்றிசை மருத்துவரும் அரபு மருத்துவரும் அவ்வாறே கருதினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்னும் பேர்பெற்ற மருத்துவர், உறக்கமின்றி வருந்திய ஒரு செல்வர் மனைவியைப் பார்க்கச் சென்றார். உடலில் நோய் எதுவும் தென்படவில்லை. தற்செயலாக ஒருவர் வந்து, பிலாடிஸ் என்னும் கூத்தன் அன்று ஆடியதைக் கண்டதாகச் சொன்னார். அப்பெண்ணின் முகம் மாறிற்று, நாடி தடுமாறிற்று. மறுநாட்களில் வேறு கூத்தர்களின் பெயரைச் சொல்லச் செய்து பார்த்தார், நாடி அசையவில்லை. பிலாடிஸின் பெயரைச் சொன்னதும் மீண்டும் துள்ளிற்று. இந்நிகழ்ச்சியைக் காலனே எழுதி வைத்திருக்கிறார்.

பாரசீகத்தில் பிறந்து அரபு மொழியில் எழுதிய இப்னு சீனா (980–1037) தம் மருத்துவப் பெருநூலில், மூளையைப் பற்றிய நோய்களின் வரிசையில் காதலையும் வைத்தார். கண் குழிதல், உலர்தல், பெருமூச்சு ஆகியவற்றைக் குறித்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு பல பெயர்களைச் சொல்லிக் காதலரை அறியும் முறையையும் எழுதினார். பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் ஃபெரான் 1610 இல் காதல்நோய்க்கென்றே ஒரு தனிநூல் வெளியிட்டார். துலூஸ் நகரத்துச் சமய அதிகாரிகள் 1620 இல் அதனைக் கண்டித்தனர். அவர் அஞ்சவில்லை, 1623 இல் விரித்தெழுதிப் பாரிஸில் மீண்டும் வெளியிட்டார். இங்கிலாந்தில் ராபர்ட் பர்ட்டன் 1621 இல் வெளியிட்ட மனவாட்டத்தைப் பற்றிய பெருநூலின் மூன்றாம் பகுதியில் பெரும்பாகம் இதற்கே உரியது. ஆகவே ஆலிவரின் கையேட்டில் உள்ள அறிகுறிகள் பழைய மருத்துவ ஏடுகளின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

ஆனால் அம்மருத்துவர்கள் என்ன மருந்து சொன்னார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சட்டமும் சமயமும் இடங்கொடுக்குமாயின் இருவரையும் சேர்த்து வைப்பதே சிறந்த மருந்து என்று எழுதினார் இப்னு சீனா. அது முடியாத இடத்தில்தான் வேறு மருந்துகள். நோய் தந்தவரே நோய்க்கு மருந்து என்னும் நம் தமிழ்ப் புலவர் கொள்கை இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழில் பிரிவுத் துயருக்கு நோய் என்பது பண்டுதொட்டு வழங்கும் பெயர். அக்காலத்து மருத்துவர் எவரும் காதலைத் தோற்றுவிக்கும் உறுப்பையே அறுத்தெறிந்துவிடலாம் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் செய்யும் வகை அவர்களிடம் இல்லை.

அவ்வகை இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. 1935 இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ், மனநோயாளிகளின் மூளை முன்பகுதியிலுள்ள நரம்பிழைகளைத் துண்டிக்கும் முறையைத் தொடங்கினார். மறு ஆண்டே அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன், ஜேம்ஸ் வாட்ஸ் என்னும் இருவர் அதனை மேற்கொண்டனர். 1949 இல் மோனிஸுக்கு நோபல் பரிசே வழங்கப்பட்டது. அமைதியற்றவர்கள் அமைதியானார்கள் என்பதுதான் அம்முறைக்குக் கிடைத்த புகழ். அமைதியோடு எதெது போயிற்று என்று கேட்டவர்கள் தொடக்கத்தில் சிலரே.

இவ்விடத்தில் ஒரு தந்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடிக்கு ரோஸ்மேரி என்னும் தங்கை இருந்தாள். கல்வியில் பின்தங்கியவள், வளர வளரச் சினமும் மிகுந்தது. வாஷிங்டனில் தங்கியிருந்த கன்னிமடத்திலிருந்து இரவில் வெளியேறித் தெருக்களில் திரிந்தாள். பெண்ணுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ, குடும்பப் பெயர் கெட்டுவிடுமோ என்று தந்தை அஞ்சினார். 1941 இல், தாய்க்கு முன்கூட்டிச் சொல்லாமலே, மேற்சொன்ன இரு மருத்துவரிடம் ஒப்படைத்தார். அப்போது அவளுக்கு வயது 23. அறுவை நடக்கும்போதே அவளைப் பேசச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், பேச்சுக் குழறியபோது நிறுத்தியதாகவும் வாட்ஸ் பின்னாளில் கூறினார். அதன்பின் அவளால் நேரே நடக்கவும் முடியவில்லை. தெளிவாகப் பேசவும் முடியவில்லை. 2005 இல், 86 ஆம் வயதில், பராமரிப்பு நிலையத்து வாழ்விலேயே அவர் காலமானார். அத்தந்தை மகளை வெறுத்தவர் அல்லர். பாதுகாப்பு, உடல்நலம், மகிழ்ச்சி ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அவர் நாடவில்லை என்றுகூட ஒருவர் வாதாடலாம். 1950களின் நடுவில் மனநோய்க்கு மாத்திரைகள் பரவிய பின்னரே அந்த அறுவை வழக்கொழியத் தொடங்கிற்று. ஆலிவரின் நாவலில் அறுவைச் செய்தியைப் படித்தபோது இது நடக்கக்கூடியதா என்று நான் கேட்கவில்லை. நடந்ததை அறிவேன்.

நாவல் உலகிலும் அந்த அறுவைக்கு ஒரு முன்னோடி உண்டு. ருஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஜாமியாத்தின் 1920–21 இல் எழுதிய 'நாம்' என்னும் நாவலில் மக்களுக்குப் பெயரில்லை, எண்கள்தாம் உண்டு. காதலரும் சீட்டுப் பெற்றுக் குறித்த நேரத்தில்தான் சந்திக்கலாம். கதையைச் சொல்லும் பொறியியலறிஞன் ஒருத்தியின்மேல் மனம் வைத்து, ஆட்சிக்கு எதிராகச் சற்றே சாய்கிறான். இறுதியில் கற்பனையை அகற்றும் அறுவையைச் செய்துவிடுகிறார்கள். தான் காதலித்தவள் வதைபடுவதை அருகில் அமர்ந்து, எவ்வகை உணர்ச்சியுமின்றிப் பார்த்துக் குறிப்பெழுதுகிறான். அந்நூல் 1924 இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வந்தது. ஆசிரியரின் தாய்நாட்டில் 1988 இல்தான் அச்சேறிற்று. ஹக்ஸ்லியும் (1932) ஆர்வெல்லும் (1949) அவ்வழியே வந்தார்கள். சிறுவர்க்கென்று எழுதியவர்களில் லோயிஸ் லௌரி 1993 இல் வெளியிட்ட 'கிவர்' என்னும் கதையில், பிள்ளைகளின் மனத்தில் முதற் சலனம் தோன்றியதும் நாள்தோறும் மாத்திரை கொடுத்து அடக்குகிறார்கள். ஆலிவர் இந்தப் பரம்பரையினர்தாம்.

காதலைச் சட்டம் தடுத்த செய்திகள் நிசவுலகிலும் உண்டல்லவா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரும் பிறரும் மணந்துகொள்வதை 1949 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 1985 வரை அது நின்றது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வெள்ளையரான ரிச்சர்டு லவ்விங் என்பாரும், கருப்பினக் கலப்பில் பிறந்த மில்ட்ரெடு என்பாரும் 1958 இல் வாஷிங்டன் சென்று மணந்து திரும்பினர். ஒருநாள் நள்ளிரவில் ஷெரீப் அவர்களுடைய படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தார். இருபத்தைந்து ஆண்டுகள் இருவரும் சேர்ந்து மாநிலத்துக்குள் வரலாகாது என்ற நிபந்தனையின் பேரில் சிறையைத் தவிர்த்தனர். 1967 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமித்த தீர்ப்பால் அச்சட்டத்தைச் செல்லாதாக்கிற்று. ஆனால் இவை, இன்னாரோடு இன்னார் கூடாது என்னும் சட்டங்கள். காதலின் வலிமையை அறிந்து, அதற்கு அஞ்சி இயற்றியவை. 'டெலிரியம்' காட்டும் நாட்டிலோ யார் மீதும் யாரும் அன்பு கொள்ளலாகாது. அதன் பொருள் என்ன என்பதை நாவல் மெல்ல மெல்லத்தான் திறந்து காட்டுகிறது.

அறுவை செய்துகொண்டவர்கள் கொடியவர்கள் அல்லர். லீனாவை வளர்க்கும் சித்தி கேரல் அவளுக்கு உணவளிக்கிறாள், உடையளிக்கிறாள், ஒழுங்கு கற்பிக்கிறாள். தாயை இழந்த கிரேஸ் என்னும் சிறுமியையும் ஏற்று வளர்க்கிறாள். அச்சிறுமி வாய் திறந்து பேசுவதில்லை. அதற்காக வருந்தி உறக்கத்தை இழப்பவர் அவ்வீட்டில் எவரும் இல்லை. லீனா மட்டும் அவளைத் தன் அருகே வைத்துக்கொள்கிறாள். அவளுக்குத்தான் இன்னும் அறுவை நடக்கவில்லையே! அந்நாட்டில் குழந்தை வளர்ப்பு ஒரு கடமை, வரி செலுத்துவது போல. காதலை அறுத்தவர்கள் ஆண் பெண் மயக்கத்தை மட்டும் அறுக்கவில்லை. குழந்தை விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கும் கையையும் அறுத்துவிட்டார்கள். மயக்கம் ஒரு கிளை, பாசம் வேறொரு கிளை என்று எண்ணி ஒன்றை வெட்டப் போனார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருந்துவிட்டது. காதற்கதை என்று எண்ணி எடுத்த நூலில் என்னை உறங்கவிடாமற் செய்தது இந்தச் செய்திதான்.

லீனாவின் தாய் அவ்வாறு இருந்தவள் அல்லள். மூன்றுமுறை அறுவை செய்தும் அவளுக்கு நோய் நீங்கவில்லை. வீட்டுக்குள்ளே, பிறர் கண்ணுக்கு மறைவாக, மகளோடு ஆடினாள், பாடினாள், அழுதபோது அணைத்துக்கொண்டாள். அந்நாட்டில் அவையாவும் குற்றத்துக்கு அடையாளம். லீனாவுக்கு ஆறு வயதாயிருக்கையில் ஓர் இரவு, சொல்லக் கூடாத அச்சொல்லை மகளின் காதில் சொல்லி, மறவாதே என்று கேட்டுக்கொண்டு அவள் மறைந்துபோகிறாள். தற்கொலை என்று ஊர் சொல்கிறது. தாயின் நோய் தனக்கும் வருமோ என்னும் அச்சமே லீனாவை அறுவைக்கு ஏங்க வைக்கிறது. தன்னிடம் அன்பு செலுத்திய ஒரே உயிரை நினைத்து வெட்கப்படும்படி ஒரு குழந்தையைப் பழக்கிவிட்ட ஆட்சி அது. வேலியும் காவற்படையும் எனக்கு இதைவிடக் கொடியனவாகத் தோன்றவில்லை.

உண்மையில் அவள் தாய் இறக்கவில்லை. சிறையும் மனநோய் விடுதியும் ஒன்றான ஒரு கட்டடத்தில் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்திருக்கிறாள். அலெக்ஸ் லீனாவை அங்கே அழைத்துச் செல்லும்போது அறை காலியாக இருக்கிறது. சுவரெங்கும் அன்பு என்னும் பொருளுடைய அந்த ஓர் ஆங்கிலச் சொல் நூறுமுறை செதுக்கப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அச்சொல்லின் வட்ட எழுத்து மிகப் பெரிதாகவும் மிக ஆழமாகவும் இருக்கிறது. செதுக்கிச் செதுக்கிச் சுவரையே துளைத்து அந்த வட்டத்தின் வழியாக அவள் வெளியேறிவிட்டாள். நெடுங்காலம் கதைகள் படித்தவன் நான். சுவரைக் குடைந்து தப்பிய கைதிகள் பலரை அறிவேன். ஆயினும் அப்பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

நூலில் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். அன்பு அறவே அற்றுப்போன மக்களிடம் அச்சமும் சினமும் பதவியாசையும் மட்டும் எப்படி எஞ்சி நின்றன என்பதற்கு ஆசிரியை விடை தரவில்லை. அறுவை நுணுக்கத்தைப் பற்றியும் மேலோட்டமாகவே செல்கிறார். காதலர் சந்திக்கும் இடங்களில் வருணனை நீள்கிறது. வயது முதிர்ந்த வாசகர் சில பக்கங்களைத் தாண்டிச் சென்றால் இழப்பொன்றும் இல்லை. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டாம் மூன்றாம் பாகங்களில் போரும் ஓட்டமும் மிகுந்து, முதற்பாகத்தின் செறிவு தளர்ந்துவிட்டது. மூன்றாம் பாகத்தில் ஒரு நற்பகுதி உண்டு. லீனாவின் தோழி ஹானா அறுவைக்குப் பின் நகரத் தலைவனுக்கு மணம் பேசப்பட்ட நிலையில் தன் கதையைத் தானே சொல்கிறாள். குணமடைந்தவளின் உள்ளே இன்னும் என்ன அசைகிறது என்று காட்டும் அப்பகுதி, போர்க் காட்சிகள் அனைத்தையும்விட மேலானது. முதற்பாகத்தின் முடிவில் வேலியைத் தாண்டியவர் யார், இப்பால் நின்றவர் யார் என்பதைச் சொல்வது முறையன்று.

அந்நூலை முடித்தபின் நம் அகப்பாடல்களில் வரும் வெறியாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, தாய்க்குக் காரணம் புரியவில்லை. முருகனால் வந்த நோய் என்று எண்ணி வேலனை அழைத்துக் களமிழைத்து ஆடச் செய்கிறாள், ஆடு பலியிடப்படுகிறது. தோழி உண்மை அறிந்து உள்ளுக்குள் சிரிக்கிறாள். அத்தாயும் அஞ்சியவள்தான், அவளும் மருத்துவம் தேடியவள்தான். அவள் அழைத்து வந்த வேலனிடம் மகளை மாற்றிவிடும் கருவி எதுவும் இல்லை. அதனால் பாடல் நகையோடு முடிகிறது. 1941 இல் அமெரிக்கத் தந்தை அழைத்த வேலர்களிடம் கருவி இருந்தது.

அண்டை வீட்டு அம்மையார் மறுவாரம் வந்து, "படித்தீர்களா ஐயா? கொடுக்கலாமா?" என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன். "காதலிக்கச் சொல்லிக் கொடுக்கிறதோ?" என்றார். "முற்பாதியில் ஒரு பெண் காதலிக்காமலிருப்பதற்கு என்ன பாடு படுகிறாள் என்று எழுதியிருக்கிறார்கள். பிற்பாதி வேறு. அம்மா, நீங்கள் அந்தத் தாய் வரும் பக்கங்களை முதலில் படியுங்கள், குறித்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். காகிதத் துண்டு வைத்திருந்த இடத்தைத் திறந்து, நின்றபடியே படிக்கத் தொடங்கினார். ஆங்கிலம் அவருக்குச் சற்று மெதுவாகத்தான் வரும். சிறிது நேரம் கழித்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வீட்டு மாடியிலிருந்து "அம்மா" என்று மகள் அழைக்கும் குரல் இருமுறை கேட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எழுந்திராமல் அந்தப் பக்கத்தை முடித்தார்.